தக்கை நாற்றத்தை ‘ஆழம்’ என்று புகழ்ந்துவிட்டேன். ஒயின் ருசி பழகினால் வருமா?

#1 தாகசாந்தி

நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எட்டுப் பேர் கூடி ஒயின் சுவைத்தோம். ஆறு புட்டிகள், எல்லாம் துணிப்பைக்குள். எந்தத் திராட்சை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் ஏதோ பிடிபட்டதுபோல் இருந்தது. நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறை, பழைய புத்தகம். பழ வாசனை ஏறக்குறைய இல்லவே இல்லை. மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் நாக்கு துறுதுறுத்தது. “இதில் ஓர் ஆழம் இருக்கிறது. ஈர மண்ணும் பழைய நூலகமும் கலந்த வாசனை. நல்ல வயதான ஒயினாக இருக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டேன்.

அமர்வை நடத்தியவர் என் கோப்பையை வாங்கி ஒருமுறை முகர்ந்தார். “தக்கை கெட்டிருக்கிறது. மன்னிக்கவும், வேறு புட்டி திறக்கிறேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து என் குறிப்பேட்டைப் புரட்டினேன். மூன்று ஆண்டுகள், 140 ஒயின்கள். ‘சமநிலை நன்று’ என்று 61 இடத்தில் எழுதியிருக்கிறேன், உட்கார்ந்து எண்ணினேன். ‘பழச்சுவை’ அதைவிட அதிகம். பெயரை மறைத்துவிட்டுக் குறிப்பை மட்டும் படித்தால் 140ம் ஒரே ஒயின்தான்.

ருசித்தல் என்பது பழகினால் வருகிற திறமையா, பிறக்கும்போதே மூக்கு அமைந்திருக்க வேண்டுமா, அல்லது எல்லாரும் சேர்ந்து நடத்துகிற நாடகமா? பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.


#2 பீப்பாயடி

நண்பரே, நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நனைந்த அட்டை, பூட்டிய அறை, பழைய புத்தகம், பழ வாசனை இல்லை. கெட்ட தக்கைக்கு இதைவிடத் துல்லியமான வருணனையை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்க முடியாது. உங்கள் மூக்கு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. கோட்டை விட்டது அதற்குப் பிறகு வந்த தீர்ப்பு.

அந்த நாற்றத்துக்குக் காரணம் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற பொருள். தக்கையிலோ மரத்திலோ உள்ள குளோரோஃபீனால் என்ற வேதிப்பொருள்களைப் பூஞ்சை மாற்றும்போது உண்டாகிறது. உடலுக்குக் கெடுதல் இல்லை, ஒயினுக்குத்தான் கெடுதல். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், பழகிய மூக்குக்குத் தெரிந்துவிடும். இதில் ஒரு சூது இருக்கிறது. அளவு அதிகமாக இருந்தால் அட்டை நாற்றம் தெரியும். குறைவாக இருந்தால் நாற்றம் தெரியாது, ஆனால் பழ வாசனை அமுங்கிவிடும். குடிப்பவர் “இந்த ஒயின் சப்பென்று இருக்கிறது” என்று தயாரித்தவரைத் திட்டிவிட்டுப் போவார். 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் பொருள் மூக்கிலுள்ள வாசனைச் செல்களின் சமிக்ஞையையே தணிக்கிறது என்று கண்டார்கள். நாற்றம் சேர்ப்பதோடு நிற்காமல், மற்ற வாசனைகளையும் அது மறைத்துவிடுகிறது.

குறிப்பேட்டுக்கு வருகிறேன். ‘சமநிலை’ என்பது தீர்ப்பு. ‘ஆழம்’ தீர்ப்பு. ‘நேர்த்தி’யும் தீர்ப்புதான். 1984இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் ஒயின் வாசனைச் சக்கரத்தை உருவாக்கியபோது இந்த மாதிரிச் சொற்களை உள்ளே விடவில்லை. நடுவில் பழம், பூ, மரம், மண் என்று பொதுவான சொல். வெளியே போகப் போக எலுமிச்சையா, ஆப்பிளா, உலர்ந்த அத்தியா என்று குறுகிக்கொண்டே போகும். முகர்ந்து பார்த்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய சொற்களுக்கு மட்டுமே அதில் இடம்.

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் தெரிந்தது, வலப்பக்கம் தோன்றியது. இடப்பக்கம் நிரம்பும்வரை வலப்பக்கம் பேனா போகக்கூடாது. நான் 20 ஆண்டுகளாக இப்படித்தான் எழுதுகிறேன்.


#3 ஐயவாதி

மூன்றாவது பதில்தான் சரி, தாகசாந்தி. நாடகம்.

பிரான்சின் போர்டோவில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதே வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்தும் கொடுத்தார்கள். சாயக் கோப்பையை முகர்ந்தவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களை வரிசையாக எடுத்துவிட்டார்கள். மூக்கு முகர்ந்ததா, கண் முகர்ந்ததா?

இன்னொன்று. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரே புட்டியிலிருந்து மூன்று கோப்பை ஊற்றி, மற்ற ஒயின்களுக்கு நடுவே நடுவர்களுக்குத் தெரியாமல் வைத்தார். மூன்றுக்கும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் போட்ட நடுவர்கள் ஏறத்தாழ 10 சதவீதம்தான். இவர்கள் நடுவர்கள்! நீங்கள் ஒரு தக்கைக்கு இவ்வளவு வெட்கப்படுகிறீர்கள்.

எனக்கு ஒயின் பிடிக்கும். வாரம் ஒரு புட்டி திறக்கிறேன். பிடித்திருந்தால் இன்னொரு கோப்பை, பிடிக்காவிட்டால் இல்லை. அதற்கு மேல் சொல்வதெல்லாம் சும்மா.


#4 நுரைப்பானை

ஐயவாதி சொன்ன இரண்டு ஆய்வும் உண்மை. அவற்றிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

ஹாட்ஜ்சன் ஆராய்ந்தது மதிப்பெண்ணை, அதாவது பீப்பாயடி சொன்ன வலப்பக்கத்தை. ‘இது எவ்வளவு நல்ல ஒயின்’ என்ற கேள்விக்கு மனிதர்கள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்கிறார்கள். அதில் எனக்கு வியப்பில்லை. சாய ஆய்வு காட்டுவது கண் மூக்கை எப்படி இழுத்துச் செல்கிறது என்பதை. அதனால்தான் கறுப்புக் கோப்பையில் ஊற்றிச் சோதிக்கும் வழக்கம் இருக்கிறது. கடிகாரம் தவறாக ஓடுகிறது என்றால் நேரமே கிடையாது என்று ஆகிவிடுமா?

நான் வீட்டில் ஒயின் போடுகிறவன், பத்துப் பதினொரு ஆண்டாக. என்னால் ஆய்வகக் கருவியில் அளந்து சரிபார்க்க முடிகிற நான்கு விஷயங்கள் உண்டு: புளிப்பு, இனிப்பு, சாராயத்தின் (ஆல்கஹாலின்) அளவு, துவர்ப்பு. இந்த நான்கில் யாரும் கதை விட முடியாது. தாகசாந்தி, வாசனையைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு இங்கே தொடங்குங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

ஆடம்பரமில்லாத, சாதாரணச் சிவப்பு ஒயின் ஒரு புட்டி எடுங்கள். ஐந்து கோப்பையில் 100 மில்லி வீதம் ஊற்றுங்கள். முதல் கோப்பையில் கை வைக்காதீர்கள், அது ஒப்பிட.

இரண்டாவதில் புளிப்பு. திராட்சையின் முக்கிய அமிலம் டார்டாரிக், பொடியாகக் கிடைக்கும். கோப்பைக்கு 0.1 கிராம் வேண்டும். சமையலறைத் தராசில் அதை நிறுக்க முடியாது. ஆகவே 10 கிராமைக் கரைத்து, தண்ணீர் விட்டு 100 மில்லியாக்குங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் அதில் 1 மில்லி எடுத்துக் கோப்பையில் விட்டால் லிட்டருக்கு 1 கிராம் கூடியதாகக் கணக்கு.

மூன்றாவதில் 1 கிராம் சர்க்கரை. நான்காவதில் 5 மில்லி ஒயினை எடுத்துவிட்டு 40 சதவீத வோட்கா 5 மில்லி சேருங்கள். 12 சதவீத ஒயின் ஏறத்தாழ 13.4 ஆகும். ஐந்தாவதில் கெட்டியான கறுப்புத் தேயிலைச் சாறு இரண்டு மூன்று தேக்கரண்டி.

வரிசையாகக் குடித்துப் பாருங்கள். புளிப்பு கூடியதில் நாக்கின் ஓரம் ஊறும். விழுங்கியபின் எச்சில் எவ்வளவு சுரக்கிறது என்று கவனித்தால் புளிப்பின் அளவு தெரியும். இனிப்பு கூடியதில் ஒரு வேடிக்கை நடக்கும்: புளிப்பும் துவர்ப்பும் குறைந்ததுபோலத் தோன்றும், இரண்டும் அப்படியே இருக்க. சாராயம் கூடியது தொண்டையில் சூடாக இறங்கும், கொஞ்சம் இனிக்கவும் செய்யும். துவர்ப்பு கூடியதை விழுங்கிவிட்டு மேல் ஈறை நாவால் தடவுங்கள். வழுக்காது, சொரசொரவென்று இருக்கும்.

நம் அறுசுவைக் கணக்கில் துவர்ப்புக்குத் தனி இடம் இருக்கிறது. ஒயினைப் பற்றிப் பேச இதைவிட வசதியான சொல் எந்த மொழியிலும் எனக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் அது சுவையைவிடத் தொடுவுணர்ச்சிக்கு நெருக்கமானது. துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. வாயின் வழவழப்பு போய்விடுகிறது. கசப்போடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு.


#5 தாகசாந்தி

இரண்டு பேருக்கும் நன்றி. ஐயவாதிக்கும்தான், வெட்கம் பாதி குறைந்தது.

நுரைப்பானை ஐயா, எந்தக் கோப்பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே குடித்தால் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேனா? 61 முறை ‘சமநிலை நன்று’ எழுதிய கை இது.


#6 நுரைப்பானை

மாட்டீர்கள் என்று சொல்ல முடியாது. முதல் நாள் தெரிந்தே குடியுங்கள், வித்தியாசம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நாக்குக்குத் தெரியட்டும். பிறகு முக்கோணச் சோதனை. மூன்று கோப்பை. இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மாற்றியது. வேறொருவர் ஊற்றி வைக்க வேண்டும். எது ஒற்றை என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாக வரும். ஆகவே 12 சுற்றில் 4 சரி என்றால் ஒன்றும் தெரியவில்லை என்று பொருள். 8 வந்தால் அதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. ஒரே நாளில் 12 சுற்றும் போகாதீர்கள், நாக்கு மரத்துவிடும். நாளுக்கு மூன்று போதும்.


#7 தண்டுக்கோப்பை

சுவைப்பு அமர்வுகள் நடத்துகிறவள் என்ற முறையில் சில வார்த்தைகள். இவ்வளவு நேரம் நாக்கையும் மூக்கையும் பேசினீர்கள். பாதிப் பிழை மேசையில் நடக்கிறது.

தாகசாந்தி தம்பி, உங்கள் அமர்வில் நடந்த பெரிய தவறு நீங்கள் பேசியதன்று, பேச அனுமதித்தது. என் மேசையில் ஒவ்வொரு ஒயினுக்கும் முதல் ஐந்து நிமிடம் பேச்சே கிடையாது. முக்கல், முனகல், புருவம் தூக்குதல் எதுவும் கூடாது. ஒருவர் ‘செர்ரி’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அந்த அறையில் உள்ள எல்லார் கோப்பையிலும் செர்ரி முளைத்துவிடும். எழுதி முடித்து, தாளைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் பேச்சு. அதுவும் புதியவரிலிருந்து தொடங்கும். மூத்தவர் கடைசி. மூத்தவர்களுக்கு இது பிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் கொடுக்க வேண்டும் என்று யாரோ எந்தக் காலத்திலோ சொன்னது. அந்த அறை குளிர்ந்த கல் கட்டடத்து அறை. 16 முதல் 18 டிகிரி. 28 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் வந்து நிற்கும். எவ்வளவு நல்ல ஒயினும் காய்ச்சிய சாறுபோல இருக்கும். வெள்ளையை நேரெதிராக உறைகிற குளிரில் கொடுத்து வாசனையை அடக்கிவிடுகிறார்கள். குறை உள்ள ஒயினை மறைக்க அது நல்ல வழி.

கோப்பை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சோதனைக் கோப்பைக்கு ஐ.எஸ்.ஓ. தரநிலையே இருக்கிறது. 215 மில்லி கொள்ளும், மேலே குறுகி இருக்கும். அதில் 50 மில்லி ஊற்றினால் மிச்ச இடம் வாசனைக்கு. அழகான கோப்பைகளை விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துப்புங்கள். வெட்கப்படாமல் துப்புங்கள். ஆறாவது ஒயின் எப்போதும் முதல் ஒயினைவிட நன்றாக இருப்பதற்கான காரணம் ஒயினில் இல்லை. நான் கற்றுக்கொள்ளும்போது குளியலறையில் தண்ணீரை வைத்துப் பழகினேன். சிரிப்பாகத்தான் இருக்கும். முதல் அமர்விலேயே எதிரில் இருந்தவரின் வெள்ளைச் சட்டையில் கறை பட்டபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.


#8 சிறுகுப்பி

இழைக்குத் தொடர்பில்லாத கேள்வி, மன்னிக்கவும். சிவப்பு ஒயின் குடித்தால் தலைவலி வருகிறது. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கிற சல்பைட்டுதான் காரணம் என்கிறார்களே, சல்பைட் இல்லாத ஒயின் வாங்கலாமா?


#9 நுரைப்பானை

ஈஸ்டே சிறிதளவு சல்பைட்டை உண்டாக்கும், முற்றிலும் இல்லாத ஒயின் அரிது. ஐரோப்பிய விதியில் சர்க்கரையற்ற சிவப்புக்கு உச்சவரம்பு லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200. வெள்ளைக்குத்தான் அதிகம். வெள்ளை ஒயினில் தலைவலி வரவில்லை என்றால் சல்பைட்டின் மேல் பழி போடுவது பொருந்தாது. ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்பைட் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது. அடிக்கடி வருகிறதென்றால் மருத்துவரைக் கேளுங்கள், எங்களைக் கேட்காதீர்கள். இதை இங்கே வளர்க்க வேண்டாமே.


#10 ஐயவாதி

நான்கு அடிப்படை விஷயங்களைச் சோதிக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் அதோடு நிற்பதில்லையே! “இது இன்ன திராட்சை, இன்ன சரிவு, மண்ணில் சுண்ணாம்பு தெரிகிறது” என்று போகிறார்களே, அதைச் சொல்கிறேன்.

1976 மே 24, பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வணிகர் புட்டியின் பெயரை மறைத்து நடத்திய குருட்டுச் சோதனை. மதிப்பெண் கணக்கில் சேர்ந்த ஒன்பது நடுவர்களும் பிரெஞ்சுக்காரர்கள், ஒயின் உலகத்தின் பெரிய தலைகள். வெள்ளையில் முதலிடம் ஷாட்டோ மான்டெலினா 1973, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973. இரண்டும் கலிபோர்னியா. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே சிலர் கலிபோர்னியா ஒயினைப் பிரெஞ்சு என்று நினைத்துப் புகழ்ந்தார்கள். சொந்த வீட்டு ஒயினையே அடையாளம் தெரியவில்லை. பிறகென்ன மூக்கு?


#11 பீப்பாயடி

பாரிஸ் கதையை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் சிலியின் கதையைச் சொல்கிறேன். உங்கள் பக்கத்துக்கும் உதவும், என் பக்கத்துக்கும் உதவும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் போர்டோவிலிருந்து கொடிகள் சிலிக்குப் போயின. அதற்குப் பிறகு ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. கார்மெனேர் என்ற திராட்சை வகை போர்டோவில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மறுபடி நட்டபோது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. சிலியிலோ அது மெர்லோ என்ற இன்னொரு வகையின் கொடிகளோடு கலந்து வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே அதை மெர்லோ என்றே நினைத்தார்கள், மெர்லோ என்றே விற்றார்கள். 1994இல் ஜான் மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் தோட்டத்தில் நடந்து போகும்போது கொடியைப் பார்த்து, இது மெர்லோ அல்ல, கார்மெனேர் என்று கண்டுபிடித்தார்.

நூறாண்டுக்கு மேல் அத்தனை பேரும் பெயரைத் தவறாகச் சொன்னார்கள். இது ஐயவாதியின் வெற்றி, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கொடியோடு வாழ்ந்தவர்கள் கவனித்த விஷயங்கள் சரியாகவே இருந்தன. சில கொடிகள் மற்றவற்றைவிட வாரக்கணக்கில் தாமதமாகப் பழுக்கின்றன, ஒன்றாகப் பறித்தால் ஒயினில் குடைமிளகாயின் பச்சை நெடி ஏறுகிறது. அந்த நெடிக்கு மெத்தாக்ஸிபைரசின் என்று பெயர், பழுக்காத கார்மெனேரில் அது நிறையவே இருக்கும். ‘சிலி மெர்லோவில் பச்சை வாசம்’ என்று சுவைத்தவர்கள் எழுதிய குறிப்பு அன்றும் உண்மை, இன்றும் உண்மை. புட்டியின் மேல் ஒட்டிய பெயர்தான் பொய்.

திராட்சையின் பெயரைச் சொல்வது ஊகம். அதில் தோற்கலாம், நான் பாதிக்கு மேல் தோற்கிறேன். பச்சை வாசம் இருக்கிறதா இல்லையா என்பது ஊகம் அல்ல.


#12 நுரைப்பானை

இதை ஒயின் போடுகிற பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டும். எனக்கு மூக்கு அலங்காரம் அல்ல, பிழைப்பு.

மூன்று ஆண்டுக்கு முன் 20 லிட்டர் சிவப்பு போட்டேன். சாற்றின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் 1.092 காட்டியது. முழுவதும் நொதித்தால் 12 சதவீதத்துக்குச் சற்று மேலே வரும். இரண்டாம் நாள் தோல்கள் மேலே கூடித் தொப்பிபோல் நின்றன. காலையும் மாலையும் அதை உள்ளே அமுக்கிவிட வேண்டும். அமுக்கும்போது அடியிலிருந்து சடசடவென்று சத்தம் வரும், மழை பிடிக்கிற நேரத்துத் தகரக் கூரைபோல. வாசனை அருமையாக இருந்தது. நான்காம் நாள் காலை மூடியைத் திறந்தேன். பழத்துக்கு அடியில் மிக மெல்லிசாக அவித்த முட்டை. என் மனைவிக்கு அது தெரியவே இல்லை.

ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் போதாதபோது ஹைட்ரஜன் சல்பைடு விடும். அன்றே ஈஸ்ட் உணவு கொஞ்சம் போட்டு, சாற்றை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுப்படுத்தினேன். மறுநாள் போய்விட்டது. ஒரு வாரம் விட்டிருந்தால் வெங்காயம், ரப்பர் வாடையாக மாறியிருக்கும். அதன்பிறகு எடுப்பது பெரும்பாடு.

அதற்கு முந்தைய ஆண்டு இதே மூக்கு என்னைக் கைவிட்டது. சரியாகச் சொன்னால் நான்தான் அதைக் கைவிட்டேன். ஜாடியில் கால்வாசி காலியாக இருந்தது, நிரப்பச் சோம்பல். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம் லேசாக வந்தது. ‘இளம் ஒயின் அப்படித்தான் இருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காற்றும் அசிட்டிக் பாக்டீரியாவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். 15 லிட்டர் காடி (வினிகர்) கிடைத்தது. நல்ல காடி என்று எல்லாரும் சொன்னார்கள்.


#13 தாகசாந்தி

ஆறு வாரம் கழித்து வருகிறேன்.

முதல் வாரம் ஐந்து கோப்பைப் பயிற்சி. துவர்ப்பையும் புளிப்பையும் நான் இத்தனை நாள் ஒன்றாகவே நினைத்திருந்தேன் என்று அன்றுதான் தெரிந்தது. நுரைப்பானை ஐயா சொன்னபடி ஈறைத் தடவிப் பார்த்தேன், பிரிந்துவிட்டது. சர்க்கரைக் கோப்பைதான் அதிர்ச்சி. இனிப்பாகவே தெரியவில்லை, ‘மிருதுவாக’ இருந்தது. நான் ‘சமநிலை நன்று’ என்று எழுதியதில் எத்தனை இந்தச் சர்க்கரையோ!

பிறகு முக்கோணச் சோதனை, புளிப்புக்கு மட்டும். தம்பி ஊற்றி வைத்தான், முகத்தில் எதுவும் தெரியாதபடி அடுத்த அறைக்குப் போய்விடுவான். முதல் 12 சுற்றில் 5. அதாவது ஒன்றுமில்லை. அடுத்த நான்கு வாரமும் பயிற்சி. பிறகு மறுபடி 12 சுற்று, இந்த முறை 9.

போன சனிக்கிழமை அதே எட்டுப் பேர் கூடினோம். தண்டுக்கோப்பை அக்கா சொன்ன ஐந்து நிமிட மௌனத்தை நான் கேட்டுக்கொண்டதால் வைத்தார்கள். நாலாவது ஒயின் சிரா என்ற சிவப்புத் திராட்சையில் போட்டது. தாள்களைத் திருப்பினால் ஐந்து பேர் ‘கருமிளகு’ என்று எழுதியிருக்கிறார்கள். நானும் முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டேன். கரும்பழம், புகை, கொஞ்சம் ஊதாப் பூ. மிளகு மருந்துக்கும் இல்லை. பழைய நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். “எனக்கு மிளகு வரவில்லை” என்றேன். காது சூடாகிவிட்டது.


#14 நுரைப்பானை

9 என்பது நல்ல எண்ணிக்கை. பாராட்டுகள்.

மிளகு விஷயத்தில் உங்கள்மேல் பிழை இருக்காது. சிராவின் மிளகு வாசத்துக்கு ரோடண்டோன் என்ற பொருள் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். உண்மையான மிளகிலும் அதுதான் இருக்கிறது. அதே ஆய்வில் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அளவைப் பல மடங்கு கூட்டியும் அது தெரியவில்லை. பயிற்சி போதாததால் வருவதில்லை இது, அந்த ஒரு பொருளுக்கு மட்டும் மூக்கு குருடு. மற்ற எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்.


#15 தண்டுக்கோப்பை

எட்டுப் பேர் மேசையில் ஒருவரோ இருவரோ அப்படி இருப்பது கணக்குக்குச் சரி. வாய்விட்டுச் சொல்கிறவர்தான் குறைவு. தம்பி, அடுத்த முறை என் மேசைக்கு வந்தால் உங்களுக்கு முதல் பேச்சு.


#16 பீப்பாயடி

இரண்டு நாளாக இந்த இழையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

நுரைப்பானை எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் இருந்த இரண்டு சிரா புட்டிகளைத் திறந்தேன். இரண்டுமே மிளகுக்குப் பேர்போனவை. மகளைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். ஒயின் பக்கமே வராதவள், முதல் மூச்சிலேயே “மிளகு அரைத்தமாதிரி இருக்கிறது” என்றாள். நான் அரை மணி நேரம் முயன்றேன். எனக்கு வரவில்லை.

என் குறிப்பேடுகளில் ஒவ்வொரு சிராவுக்கும் இடப்பக்கத்தில், ‘தெரிந்தது’ என்ற பக்கத்தில், மிளகு என்று எழுதியிருக்கிறேன். 20 ஆண்டுகளாக. நிறம் பார்த்ததும் கையே எழுதியிருக்கிறது போலும்.


#17 ஐயவாதி

இப்போது நான் ஏதாவது சொன்னால் அடித்த பாம்பை அடிப்பதுபோல் ஆகும். சொல்லவில்லை.

நுரைப்பானை, அந்த டார்டாரிக் கரைசல் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


#18 நுரைப்பானை

குளிர்பதனப் பெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். நூல்போல ஏதாவது மிதந்தால் கொட்டிவிடுங்கள், பூஞ்சை. புட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். என் வீட்டில் ஒருவர் தண்ணீர் என்று நினைத்து எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.